ஜப்பானியப் பெயருக்கு அர்த்தம் கேட்டபோது உங்களுக்குக் கிடைத்த பதில்களை இங்கே எழுதுங்கள்

நானே ஆரம்பித்து வைக்கிறேன். டோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரை அறிமுகப்படுத்தினாலும் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்டிவிட்டு, கூடவே பெயரைப் பற்றி ஒரு குட்டி விளக்கமும் கொடுப்பார்கள், அது எதற்கென்று போகப் போகத்தான் பிடிபட்டது. காதில் விழுகிற ஒலியை மட்டும் வைத்து அங்கே அர்த்தம் சொல்ல முடியாது, எந்தக் கான்ஜி எழுத்து (சீனத்திலிருந்து வந்த, ஒவ்வொன்றும் ஒரு பொருள் தருகிற எழுத்து) என்று தெரிந்தாக வேண்டும். ஹிரோஷி என்று ஒருவர் சொன்னால் அது அகலமாக இருக்கலாம், பெருந்தன்மையாக இருக்கலாம், பெருங்கடலாகவும் இருக்கலாம். அதனால்தான் போனில் பெயர் சொல்லும்போது "பசிபிக் பெருங்கடலில் வருமே, அந்த எழுத்து" என்று சேர்த்துச் சொல்கிறார்கள். எங்கள் டீமில் இரண்டு வதனபே. இருவருக்கும் கடைசி எழுத்தின் வடிவம் வேறு, மெயிலில் மாற்றிப் போட்டால் ஒருவருக்கு முகம் சுண்டிவிடும்.

குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நிலத்தைச் சொல்பவை. தனகா வயலின் நடுவே, யமமோதோ மலையடிவாரம், இனோஉவே கிணற்றுக்கு மேலே, கோபயாஷி சின்னக் காடு. எல்லாக் குடிமக்களும் குடும்பப் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று அன்றைய மெய்ஜி பேரரசர் காலத்து அரசு உத்தரவு போட்டது 1875இல். அன்றைக்குத்தான் எல்லாரும் அவசர அவசரமாகப் பெயர் தேடினார்கள் என்று கதையாகச் சொல்வார்கள், அது முழுக்கச் சரியில்லை, அரசுப் பதிவில் ஏறாமல் ஊருக்குள் மட்டும் புழங்கிய பெயர் பல குடும்பங்களிடம் முன்பே இருந்தது.

* * *

மேலே எழுதிய அண்ணா சொன்னது சரி, ஆனால் நமக்கு வரும் சிக்கல் வேறு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் அப்பா பெயர் இருக்கிறது. ஆக வங்கியிலும் கிளினிக்கிலும் அப்பா பெயரோடு மரியாதையாக ஒரு 'சாமா' சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். ஊரில் அப்பாவிடம் சொன்னேன், அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் சக ஊழியர் ஒருவர் "உங்கள் குடும்பம் எத்தனை தலைமுறையாக இந்தப் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டார். ஒரே தலைமுறைதான், என் பிள்ளைக்கு என் பெயர் போகும் என்றதும் அவர் பேனாவை எடுத்துப் படம் போட்டுப் புரிந்துகொண்டார்.

* * *

நான் இருப்பது வடக்கே ஹொக்கைடோ தீவில், சப்போரோ நகரம். இங்கே கான்ஜியை நம்பி அர்த்தம் சொன்னால் மோசம் போவீர்கள். ஹொக்கைடோ ஊர்ப் பெயர்களில் நிறைய அந்தத் தீவின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் மொழியிலிருந்து வந்தவை, ஜப்பானியர்கள் பின்னால் ஒலிக்கு ஏற்ற எழுத்தாகப் பார்த்து ஒட்டவைத்தார்கள். வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன நோபோரிபெட்ஸுவை எழுத்துப்படி படித்தால் 'ஏறு', 'பிரி' என்று ஏதோ வரும். உண்மையில் அது ஐனுவின் 'நுபுர் பெத்', கலங்கிய நிறமுள்ள ஆறு. அங்கே போய் அந்தத் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கமே வேண்டாம். வக்கனாய் குளிர்ந்த நீர் ஓடை, ஒதாரு மணலுக்குள் ஓடும் ஆறு. ஒதாருவின் கான்ஜியோ சின்னப் பீப்பாய்! பெட்ஸு, நாய் என்று முடிகிற பெயரைக் கண்டால் பக்கத்தில் ஓர் ஆறோ ஓடையோ இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ('நாய்' என்று முடிகிற ரயில் நிலையங்களைப் பார்த்து ஊரிலிருந்து வந்த மச்சான் சிரித்த சிரிப்பு தனிக் கதை.)

ஹொக்கைடோ என்பதே 1869இல் வந்த பெயர். அதற்கு அடிப்படையான யோசனையைக் கொடுத்தவர் மட்ஸுஉரா தகேஷிரோ. அந்த நிலத்தையே பலமுறை நடந்து அளந்து, ஐனு பெயர்களை எழுதிவைத்த மனிதர். அவரைப் பற்றி இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும், பெயர்களுக்கு உரியவர்களான ஐனு மக்களைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சு இல்லை என்பது என் வருத்தம்.

* * *

பிள்ளைக்குப் பெயர் வைப்பதை யாரும் தொடவில்லையே. பக்கத்து வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் இரவு பெயரைத் தூரிகையால் எழுதிச் சுவரில் மாட்டுவார்கள், 14 நாளுக்குள் பதிய வேண்டும். அந்தப் பாட்டி எழுத்துகளின் கோடுகளை எண்ணி, கூட்டுத்தொகை சரியில்லை என்று ஒரு நல்ல பெயரையே தள்ளிவிட்டார். நம்ம ஊர் நியூமராலஜிக்காரர் கூடுதலாக ஒரு 'ஏ' போடச் சொல்வாரே, அதேதான்! இதில் அரசுக்கும் பங்கு உண்டு: பெயரில் எந்தக் கான்ஜி வரலாம் என்பதற்குப் பட்டியல் இருக்கிறது. ஆனால் அதை எப்படிப் படிப்பது என்பது ரொம்ப காலம் பெற்றோர் இஷ்டம். 'நிலா' என்று எழுதிவிட்டு 'லூனா' என்று கூப்பிடுகிற வகை. 2025 மே மாதம் முதல் உச்சரிப்பும் குடும்பப் பதிவேட்டில் ஏறுகிறது, எழுத்துக்குச் சம்பந்தமே இல்லாத வாசிப்பு என்றால் கேள்வி வரும்.

* * *

விசித்திரமான வாசிப்புக்கு என் பங்கு: 'சின்னப் பறவைகள் விளையாடுகின்றன' என்று எழுதி 'தகநாஷி' என்று படிக்கிற குடும்பப் பெயர். தகநாஷி என்றால் பருந்து இல்லை. பருந்து இல்லாத இடத்தில் குருவி ஆடத்தானே செய்யும்! இதைக் கண்டுபிடித்தவரை நேரில் பார்த்தால் காலில் விழலாம்.

அப்புறம் டோக்கியோ ஸ்டேஷனின் யாஎசு வாசல் வழியாகத் தினமும் போகிறவர்கள் கவனிக்க. அது ஒரு டச்சு மாலுமியின் பெயர். யான் யோஸ்டன், 1600இல் கப்பலில் வந்து சேர்ந்தவர், அன்றைய ஆட்சியாளர் தொகுகாவா இஎயசு அவருக்கு எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) கோட்டைக்கு அருகே வீடு கொடுத்தார். ஜப்பானிய வாயில் அவர் 'யாயோசு' ஆகி, பிறகு யாஎசு ஆனார். வீடு இருந்தது இப்போதைய ஸ்டேஷனுக்கு மேற்கே, பெயர் ஒட்டிக்கொண்டதோ கிழக்கு வாசலில்.