மறு: மலைச் சைக்கிள் சுற்றுக்கான சொற்கள் – "ஏறுயரம்" பற்றி

அனைவருக்கும் வணக்கம். மலைச் சைக்கிள் சுற்றுக்கான நம் சொற்பட்டியலில், வழியில் ஏறும் மொத்த உயரத்துக்கு "ஏறுயரம்" என்று வைக்கலாம் என்றிருந்தேன். அதற்கும் மற்றச் சொற்களுக்கும் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> "மொத்த ஏற்றம்" என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லாருக்கும் புரியுமே, புதுச்சொல் எதற்கு?

புரியும்தான். ஆனால் ஆளுக்கு ஒரு விதமாகப் புரிகிறது. மலைப்பாங்கான கிராமப்புறத்தில் சைக்கிளில் ஒரு சுற்றுப் போகத் திட்டமிடுபவர் முதலில் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பார். அடுத்து, எவ்வளவு ஏற்றம் என்பார். இரண்டாவது கேள்விக்கு ஒருவர் உச்சி கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று சொல்கிறார். இன்னொருவர் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறார். வேறொருவர் கடைசி மேடு எவ்வளவு செங்குத்து என்று விவரிக்கிறார். கேட்டவருக்கு வேண்டியது இவற்றில் எதுவுமில்லை. வழியில் ஏற வேண்டிய எல்லா மேடுகளின் உயரத்தையும் கூட்டி வரும் தொகைதான் அவருக்கு வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 300 மீட்டர் உயரத்தில் கிளம்புகிறோம், சுற்றின் உச்சி 650 மீட்டர். வித்தியாசம் 350. நடுவில் பாதை இரண்டு ஓடைகளுக்கு இறங்கி, ஒவ்வொரு முறையும் 120 மீட்டர் திரும்ப ஏறுகிறது என்றால் கால்கள் ஏறுவது 590 மீட்டர். வயல், தோப்பு, ஓடை என்று மாறி மாறி வரும் இடங்களில் இந்த இடைவெளி பெரிதாகவே இருக்கும். அதைப் பார்க்காமல் சாப்பாடும் தண்ணீரும் கணக்குப் போட்டால் பாதி வழியில் தீர்ந்துவிடும். அதனால்தான் இந்த ஒரு அளவுக்குத் தனிச்சொல் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்கிறேன்.

என் பரிந்துரை "ஏறுயரம்". ஏறு + உயரம், வினைத்தொகை. ஏறிய உயரம், ஏறுகின்ற உயரம், ஏறும் உயரம் மூன்றையும் ஒரே சொல் தாங்கும். திட்டமிடும்போது வரைபடத்தில் பார்ப்பதும், வண்டியில் போகும்போது கருவி காட்டுவதும், வந்த பிறகு பதிவில் எழுதுவதும் இதே சொல்தான். காலத்தைக் காட்டாமல் காட்டுவது நம் மொழிக்கு இயல்பாக வருகிறபோது அதை விட்டுவிடக் கூடாது. இணைச்சொல் "இறங்குயரம்" தானாக அமைகிறது. ஏறுவரிசை, இறங்குவரிசை என்று பள்ளியிலேயே பழகிய வடிவம் என்பதால் காதுக்கும் புதிதாக இருக்காது.

> "ஏறு" என்றால் காளை என்றும் பொருள் உண்டே. "கூட்டேற்றம்" நல்லதில்லையா?

ஏறுவரிசையிலோ ஏறுமுகத்திலோ அந்தக் குழப்பம் வந்ததில்லை, இங்கும் வராது. கூட்டேற்றம் எனக்குச் சரியாகப் படவில்லை. கூட்டுறவு, கூட்டுக்குடும்பம் வரிசையில் வைத்துப் படித்தால் பலர் சேர்ந்து ஏறுவது என்ற பொருள்தான் முதலில் வருகிறது.

சொல்லோடு வரையறையும் வேண்டும். ஒரே சுற்றுக்கு இரண்டு கருவிகள் இரண்டு ஏறுயரம் காட்டும். காற்றழுத்தத்தை வைத்து உயரம் கணிக்கும் கருவி சின்ன மேடுகளையும் ஓரளவு சரியாகப் பிடிக்கும். ஜிபிஎஸ் உயரம் நின்ற இடத்திலேயே சில மீட்டர் ஆடும், அந்த ஆட்டமெல்லாம் ஏற்றமாகக் கூடிவிடக்கூடும். இணைய வரைபடங்கள் பல, 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ரேடார் கொண்டு எடுத்த உயரத் தரவு போன்றவற்றைப் பயன்படுத்துகின்றன. அதில் நிலம் ஏறக்குறைய 30 மீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரிந்திருக்கும், ஒரு கட்டத்துக்கு ஓர் உயரம்தான். மலைச்சரிவை ஒட்டிச் சமமாகப் போகும் பாதையைக்கூட அது ஏறி இறங்குவதாகக் காட்டலாம். ஆகவே "ஏறுயரம் 590 மீ (வரைபடம்)" என்பதுபோல் எதிலிருந்து வந்த எண் என்பதையும் எழுதுவதை வழக்கமாக்குவோம்.

> "நடுத்தரச் சுற்று" என்றால் போதாதா?

எந்த வகையில் நடுத்தரம்? சர்வதேச மலை மிதிவண்டிச் சங்கத்தின் தரவரிசையில் பச்சை வட்டக் குறியிட்ட எளிய பாதைக்குச் சராசரிச் சாய்வு 5 சதவீதத்துக்குள், நீலச் சதுரக் குறியிட்ட அடுத்த நிலைப் பாதைக்கு 10 சதவீதத்துக்குள். அது பாதையின் கடினத்தைச் சொல்கிறது. அன்றைக்கு எவ்வளவு களைப்போம் என்பதைச் சொல்வதில்லை. 25 கிலோமீட்டர், ஏறுயரம் 600 மீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 24 மீட்டர். பாதித் தூரம் ஏற்றம் என்று வைத்தால் ஏற்றத்தின் சராசரிச் சாய்வு 5 சதவீதத்தை நெருங்குகிறது. ஓரளவு பழகியவருக்கு நான் இதை நடுத்தரம் என்பேன். இந்த விகிதத்துக்குத் தனிச்சொல் தேவையில்லை, "கிலோமீட்டருக்கு இத்தனை மீட்டர்" என்றாலே போதும். பாதையின் தன்மைக்கும் ஒற்றையடிப் பாதை, வண்டித்தடம் என்று நல்ல சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

அப்புறம் திசை. சுற்று தொடங்கிய இடத்திலேயே முடிவதால் எந்தப் பக்கம் போனாலும் தூரமும் ஏறுயரமும் மாறாது. ஆனால் அனுபவம் அடியோடு மாறும். தார்ச்சாலையில் மெதுவாக ஏறிச் சரளைப் பாதையில் இறங்குவது ஒன்று. அதே சரளையில் பின்சக்கரம் வழுக்க ஏறுவது வேறொன்று. இதற்குப் பாடநூல்களில் உள்ள வலஞ்சுழி, இடஞ்சுழி என்பவற்றையே எடுத்துக்கொள்ளலாம். "சுற்றுப்பாதை" கோள்களுக்குப் போய்விட்டதால் வெறும் "சுற்று" என்பதே எனக்கு உவப்பு.

நடுவில் மழையோ பஞ்சரோ வந்தால் சுற்றை முடிக்காமல் சாலைக்கு இறங்கும் கிளைப்பாதைக்கு ஒருவர் முன்வைத்த "தப்புவழி" வேண்டவே வேண்டாம். வரைபடத்தில் பார்ப்பவர் தவறான வழி என்று ஒதுக்கிவிடுவார், அவசரத்தில் அது ஆபத்து. "மீள்வழி" என்று குறிக்கலாம். பாதித் தூரம் தாண்டிய சுற்றில் வந்த வழியே திரும்புவதால் லாபமில்லை என்பதால், மீள்வழிகளைக் கிளம்பும் முன்பே குறித்துவைப்பது கட்டாயம்.

மிதிக்க முடியாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும் பகுதிக்கு "தள்ளுதடம்" என்று எழுதிப் பார்த்தேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். மற்றவற்றில் மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்