புதுப்பிப்பு: மாருதி 800-இன் ஆயில் லைட் அணைந்துவிட்டது

போன வாரம் புலம்பியிருந்தேனே, இன்ஜினைப் பிரித்துக் கட்டி, புது ஆயில் பம்ப் போட்ட மாருதி 800-இல் எவ்வளவு செல்ஃப் அடித்தும் ஆயில் லைட் (ஆயில் பிரஷர் இல்லை என்று எச்சரிக்கும் விளக்கு) அணையவில்லை என்று. பம்ப் நல்ல பம்ப்தான். உள்ளே காய்ந்து கிடந்ததால் காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சிலர் சொன்னபடி, பம்ப் ஆயிலை இழுக்கத் தொடங்க அதற்குள் வாசலின் அடைக்கலாம். ஆனால் அதற்கு டைமிங் பெல்ட், சம்ப் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) எல்லாம் மறுபடி இறக்கணும், தெம்பில்லை.

ஃபில்டரைக் கழற்றி, பம்பிலிருந்து ஆயில் வரும் ஓட்டையில் ஆயில் கேன் மூக்கை வைத்து மெதுவாக ஏற்றினேன். முதலில் குமிழ் குமிழாக எதிர்த்தது, அப்புறம் மடக் மடக்கென்று விழுங்கியது! ஃபில்டரையும் நனைத்து மாட்டினேன். இன்ஜின் லேசாகச் சுற்றணும், ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது என்று மூன்று பிளக்கும் வெளியே, காயில் வயரும் பிடுங்கியாச்சு, பத்துப் பத்து விநாடியாகச் செல்ஃப். நாலாவது தடவை லைட் போனது. பிறகுதான் ஸ்டார்ட் செய்தேன். ஆயில் லைட்டை இயக்கும் பிரஷர் சுவிட்ச் ஓரம் லேசாகக் கசிகிறது, நாளைக்குப் பார்க்கணும்.