வீட்டுக்குப் பக்கத்தில் டேட்டா சென்டர்: கூட்டத்தில் என்ன கேட்பது?

வேலியோரம்:
எங்கள் குடியிருப்பை ஒட்டிய நிலத்தில் பெரிய டேட்டா சென்டர் (இணையச் சேவைகளுக்கான சர்வர் கணினிகளை அடுக்கி இரவு பகலாக ஓட்டும் கட்டடம்) கட்ட விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். விண்ணப்பித்த நிறுவனத்தை யாரும் கேள்விப்பட்டதே இல்லை. வேறு பெரிய கம்பெனிக்காகத்தான் நிலம் பிடிக்கிறார்கள் என்று பேச்சு. தண்ணீர், கரண்ட், சத்தம் என்று எதைக் கேட்டாலும் "எல்லாம் விதிமுறைப்படிதான்" என்கிறார்கள். அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எங்கள் சார்பில் நான் பேச வேண்டும். இது வரவே கூடாது என்பதுதான் என் எண்ணம். ஆனால் எதிர்ப்பை மட்டும் சொன்னால் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். மழுப்ப முடியாத கேள்விகள் வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சில்லர் ரூம்:
பெரிய கட்டடங்களின் கூலிங் பிளான்ட் பராமரிப்பு என் வேலை, அதனால் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆண்டுச் சராசரியைக் காட்டுவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். கூலிங் டவர் இருந்தால் தண்ணீர் ஆவியாகித்தான் சூட்டை வெளியேற்றும். வெயில் கொளுத்தும் நாளில்தான் அது அதிகம் குடிக்கும், ஊருக்கும் அன்றைக்குத்தான் தண்ணீர் தட்டுப்படும். ஆகவே உச்ச நாளில் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். நீங்களே ஒரு கணக்கும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: 1 மெகாவாட் சூட்டை நாள் முழுக்க ஆவியாக்கியே வெளியேற்றினால் சுமார் 35,000 லிட்டர் ஆகும். அவர்கள் கேட்கும் மெகாவாட்டால் அதைப் பெருக்கிப் பாருங்கள்.

"மூடிய சுற்று, அதே தண்ணீர்தான் ஓடும்" என்று ஒரு பதில் வரும். சர்வர் பக்கம் ஓடுவது மூடிய சுற்றாக இருக்கலாம், அதில் பொய் இல்லை. ஆனால் அந்தச் சூட்டைக் கடைசியில் வெளியே தள்ளுவது டவரா, வெறும் விசிறியா? அதைச் சொல்ல வையுங்கள். டவர் என்றால் ஆவியானது திரும்பாது. மிஞ்சும் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும், அவ்வப்போது திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்ற வேண்டும். திறந்துவிடுவது எங்கே போகிறது? விசிறி என்றால் தண்ணீர் மிச்சம், ஆனால் கரண்டும் சத்தமும் கூடும். எந்தச் சுமை உங்கள் தலையில் விழப்போகிறது என்று சொல்லாமல் அனுமதி கேட்பது எனக்கு நியாயமாகவே தெரியவில்லை.

தூக்கமில்லாதவள்:
நான் ஒரு டேட்டா சென்டருக்கு அருகிலேயே குடியிருக்கிறேன். பெரிய இரைச்சல் இல்லை, ஓயாத ஒரு முனகல். ஜன்னலைச் சாத்தினால் மற்ற சத்தமெல்லாம் அடங்கிவிடும், இது மட்டும் தலையணைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். புகார் கொடுத்தோம். பகலில் வந்தார்கள், வாசலில் மீட்டரை நீட்டினார்கள், "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அவர்கள் அளந்தது ஏ-வெயிட்டிங் டெசிபலில். அந்த அளவு தாழ்ந்த அதிர்வெண்ணைக் குறைத்தே காட்டும், எங்களை வதைப்பதோ அந்தத் தாழ்ந்த ஒலிதான். தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் குறைக்காத சி-வெயிட்டிங்கிலும் அளக்க வேண்டும், இரவில் அளக்க வேண்டும், படுக்கையறைக்குள் அளக்க வேண்டும் என்று அனுமதி நிபந்தனையிலேயே எழுத வையுங்கள். கட்டுமானம் தொடங்கும் முன்பே இப்போதைய இரவுச் சத்தத்தையும் அளந்து பதிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் "முன்பும் இப்படித்தான் இருந்தது" என்பார்கள்.

டீசல் ஜெனரேட்டரையும் விடாதீர்கள். கரண்ட் போகாவிட்டாலும் சோதனைக்காக ஓட்டுவார்கள். எத்தனை, எந்த நேரம், ஒரே சமயத்தில் எத்தனை ஓடும் என்று கேளுங்கள்.

நடுவில் ஒருவன்:
இந்தத் தளம்கூட ஏதோ ஒரு டேட்டா சென்டரில்தான் ஓடுகிறது. எங்காவது கட்டித்தானே ஆக வேண்டும்? வரி வருமானம் வரும், வேலை வரும்.

தூக்கமில்லாதவள்:
வரி வரலாம், சலுகையாகத் தள்ளுபடி செய்யாவிட்டால். வேலை பெரும்பாலும் கட்டும் காலத்தில்தான், ஓடத் தொடங்கிய பிறகு ஆட்கள் குறைவு. எங்காவது கட்டட்டும். படுக்கையறைக்கு எத்தனை மீட்டர் தள்ளி என்பதுதான் என் கேள்வி.

பழைய கோப்பு:
பெயரை மறைப்பது பற்றி. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் தி டேல்ஸ் என்று ஒரு சிறு நகரம். அங்கே கூகுளின் டேட்டா சென்டர் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று ஒரு செய்தித்தாள் கேட்டபோது, வணிக ரகசியம் என்று சொல்லி நகர நிர்வாகமே வழக்குப் போட்டது. 2022 டிசம்பரில்தான் இறங்கி வந்தது. கணக்கு வெளியானபோது நகரத்தின் தண்ணீரில் கால் பங்குக்கு மேல் கூகுளுக்கே போனது தெரிந்தது. அதனால் யாருக்காகக் கட்டுகிறீர்கள், மாதாமாதம் தண்ணீர்க் கணக்கை வெளியிடுவீர்களா என்று முதலிலேயே கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அதிகாரிகள் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள்.

வரவே கூடாது என்று சொல்லவும் தயங்க வேண்டாம். நெதர்லாந்தில் ஸேவோல்ட நகர மன்றம், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் டேட்டா சென்டர் திட்டத்துக்கு 2021 இறுதியில் சரி சொன்னது. அடுத்த மார்ச் உள்ளாட்சித் தேர்தலில் அதை எதிர்த்த கட்சி ஜெயித்தது, 2022-லேயே மெட்டா கைவிட்டது.

வேலியோரம்:
எல்லாருக்கும் நன்றி. உச்ச நாள் லிட்டர், டவரா விசிறியா, சி-வெயிட்டிங், யாருக்காக என்ற நான்கையும் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுகிறேன். சத்தம் அளக்கும் மீட்டர் வாடகைக்குக் கிடைக்குமா, அல்லது சான்றிதழ் உள்ளவர்தான் அளக்க வேண்டுமா?

தூக்கமில்லாதவள்:
சான்றிதழ் உள்ளவரையே கூப்பிடுங்கள். நாங்கள் போனில் எடுத்த அளவை அவர்கள் கையில் வாங்கக்கூட இல்லை.