கொரோனா சாவு: சான்றிதழை எண்ணுவதா, மிகையை எண்ணுவதா?

மயிலைக்காரன்: 2020, 2021 இரண்டு ஆண்டிலும் சேர்த்து இந்தியாவில் வழக்கத்தைவிட 47 லட்சம் பேர் கூடுதலாக, அதாவது மிகையாக, இறந்தார்கள் என்று 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னதை இன்னும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அரசுக் கணக்கு 4.8 லட்சம். பத்து மடங்கா? எண்ணிப் பார்த்த எண் இல்லை, மாடல் போட்டு, அதாவது புள்ளிவிவரக் கணிப்பில் வந்தது. டெஸ்ட் பாசிட்டிவ், டாக்டர் கையெழுத்து, இரண்டும் இருந்தால்தான் கொரோனா சாவு.

கணக்குப்பிள்ளை: அந்தக் கையெழுத்து எத்தனை பேருக்குக் கிடைத்தது? 2020-ல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிக் கொடுத்தது 22.5 சதவீதம்தான். சரி, மாடல் வேண்டாம். இறப்புப் பதிவை மட்டும் பாருங்கள். 2019-ல் 76.4 லட்சம், 2020-ல் 81.2 லட்சம், 2021-ல் 1.02 கோடி. இந்தக் கடைசி எண் 2025 மே மாதம்தான் வெளியே வந்தது என்பது தனிக்கதை.

மயிலைக்காரன்: பதிவு கூடியதைச் சாவு கூடியதாகக் காட்டாதீர்கள். 2019-ல் 92 சதவீதம்தான் பதிவாயிற்று. அப்புறம் கொரோனா நிவாரணம் 50,000 ரூபாய் என்றதும் பதியாமல் யார் இருப்பார்கள்?

கணக்குப்பிள்ளை: நியாயம், அதையும் கழிப்போம். 92 சதவீதத்துக்கு 76.4 லட்சம் என்றால் நூறு சதவீதத்துக்கு 83 லட்சம். 1.02 கோடியில் அது போக 19 லட்சம் நிற்கிறது. மக்கள்தொகை கூடியதற்கு ஒன்றிரண்டு லட்சம் தள்ளிக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுக்கு அரசு சொன்ன கொரோனா சாவு சுமார் 3.3 லட்சம்.

வார்டு நர்ஸ்: எங்கள் வார்டில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு ஒருவர் வருவார். 2021 மே மாதம் வார்டைக் கொரோனாவுக்கு எடுத்துக்கொண்டார்கள். மூன்று முறை தவறிப்போனது. அப்புறம் அவர் மனைவி மட்டும் வந்து ஃபைலை வாங்கிக்கொண்டு போனார். டெஸ்ட் எடுத்திருந்தார்கள், நெகட்டிவ். இவர் எந்தக் கணக்கு?

மயிலைக்காரன்: வருத்தம்தான் அம்மா. ஆனால் அவரை வைரஸ் கொல்லவில்லையே. லாக்டவுனில் சாலை விபத்துச் சாவு குறைந்ததே, மிகைக் கணக்கில் அதுவும் கழிந்துவிடும். அப்படியென்றால் அந்த எண் எதைத்தான் அளக்கிறது?

கணக்குப்பிள்ளை: கொள்ளைநோய் வந்த ஆண்டு ஊரை என்ன செய்தது என்பதை. வைரஸ் மட்டும் எத்தனை பேரைக் கொன்றது என்பதற்குச் சான்றிதழ் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த முறை டயாலிசிஸ் வார்டை மூடலாமா கூடாதா என்று முடிவெடுக்க மிகைக் கணக்குதான் உதவும். சென்னையில் 2020 ஜூலையில், விட்டுப்போன 444 சாவுகளைப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்துத்தானே சேர்த்தார்கள்? அது மாடலா?

மயிலைக்காரன்: அது ஆள் ஆளாகச் சரிபார்த்தது. 19 லட்சத்தையும் அப்படி மாவட்டவாரியாக ஒத்துப்பார்க்கட்டும், முதல் ஆளாக ஏற்றுக்கொள்கிறேன்.

வார்டு நர்ஸ்: ஒத்துப்பார்த்தாலும் எங்கள் ஆள் நெகட்டிவ்தானே ஐயா?