எவர்சில்வர் சட்டத்தில் கீறல் எடுப்பது: ‘பஃபிங்’குக்குத் தமிழில் என்ன?

காட்பாடி ஆசிரியர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். மாலை வகுப்பில் செல்போன் பழுதுபார்ப்பு சொல்லிக்கொடுக்கிறேன். பையன்களுக்குத் தமிழில் ஒரு கையேடு போடுகிறோம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். திரை, பேட்டரி, சார்ஜிங் ஜாக் எல்லாம் எழுதி முடித்தாயிற்று. சட்டத்தில் விழுந்த கீறலை எடுக்கும் பாடத்தில் வண்டி நின்றுவிட்டது.

வேலை இதுதான். ஐபோன் எக்ஸ் (2017) முதல் 14 ப்ரோ (2022) வரை விலை கூடிய மாடல்களுக்குச் சுற்றுச்சட்டம் துருப்பிடிக்காத எஃகு. 2023இல் 15 ப்ரோவுக்கு டைட்டானியம் வந்துவிட்டது. எஃகுச் சட்டம் புதிதில் கண்ணாடி மாதிரி இருக்கும். சாவியோடு பாக்கெட்டில் கிடந்தால் மேலெல்லாம் கோடு. திரை, கேமரா, பட்டன்களை டேப் ஒட்டி மூடுகிறோம், துளைகளையும் அடைக்கிறோம். பிறகு 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தொடங்கி 1500, 2000, 3000 என்று போகிறோம். தாள் மாறும்போது தேய்க்கும் திசையையும் மாற்றுகிறோம். அப்போதுதான் முந்தைய தாள் போட்ட கோடு போயிற்றா என்று தெரியும். இத்தனையும் செய்தால் கீறல் போய்விடும், ஆனால் சட்டம் சாம்பல் பூத்தது போல மங்கி நிற்கும். அதற்கு மேல் துணியில் பாலிஷ் பசை தொட்டுத் தேய்த்தால் முகம் தெரியும்.

ஆக இரண்டு வேலை. பையன்களுக்கு இரண்டுமே ‘பாலிஷ்’. ஒருவனிடம் “பாலிஷ் போடு” என்றேன். தாளைத் தொடாமல் ஆழக் கீறலின் மேல் நேராகப் பசையை வைத்து வகுப்பு முடியும்வரை தேய்த்தான். கீறலும் சேர்ந்து பளபளத்தது, அவ்வளவுதான். முதல் வேலைக்கு ஒரு சொல், இரண்டாவதற்கு ஒரு சொல் வேண்டும். இரண்டாவதைக் கடைகளில் ‘பஃபிங்’ என்கிறார்கள்.

வாலாஜா மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

முதலாவது தேய்த்தல், இரண்டாவது மெருகேற்றல். முடிந்தது. அச்சுக்கு அனுப்புங்கள்.

குடியாத்தம் புலவர் எழுதியது:

> முதலாவது தேய்த்தல், இரண்டாவது மெருகேற்றல். முடிந்தது.

தம்பி, அவ்வளவு சீக்கிரம் முடித்துவிடாதீர்கள். எண்ணெய் தேய்ப்பதும் தேய்த்தல்தான், சட்டைக்கு இஸ்திரி போடுவதும் தேய்த்தல்தான். நம் ஆசிரியர் சொல்லும் இரண்டு வேலையிலும் தேய்ப்பு இருக்கிறது. பிறகு அந்தச் சொல் எதைப் பிரித்துக் காட்டும்?

கீறல் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பள்ளத்தை யாரும் நிரப்புவதில்லை. சுற்றியிருக்கும் மேட்டைத்தான் பள்ளத்தின் அடிவரை இறக்குகிறோம். மேடும் பள்ளமும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போவதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: ஒப்பம். ‘ஒ’ என்ற வேரிலிருந்து ஒத்தல், ஒப்பு, ஒப்பம், ஒப்பனை, ஒப்புரவு, ஒப்படை எல்லாம் கிளைக்கின்றன. முகத்துக்கு ஒப்பனை செய்வதும் மேடு பள்ளத்தை மறைப்பதற்குத்தானே? அகராதியில் ஒப்பமிடுதலுக்கு மெருகிடுதல் என்ற பொருளே இருக்கிறது. புதிதாகச் சொல் படைக்க வேண்டாம், இருப்பதை எடுத்துத் தூசு தட்டினால் போதும். முதல் வேலை ஒப்பமிடல், இரண்டாவது மெருகிடல்.

வாலாஜா மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

புலவர் ஐயா, சொல் பொருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் கையேட்டில் “சட்டத்தை ஒப்பமிடுக” என்று எழுதினால் பையன் பேனாவைத் தேடுவான். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வங்கிப் படிவம் வரை ஒப்பம் என்றால் கையெழுத்து. அந்த இடத்தை இனி யாரும் காலி செய்ய முடியாது.

குடியாத்தம் புலவர் எழுதியது:

கையெழுத்து ஏன் ஒப்பம் ஆயிற்று? ஒப்புக்கொண்டதன் அடையாளம் என்பதால். மலையாளத்தில் இன்றும் ஒப்பு. வேர் ஒன்றே. ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருந்தால் குடி மூழ்கிவிடாது. ‘திங்கள்’ என்றால் நிலவா, மாதமா, கிழமையா என்று யாரும் தடுமாறுவதில்லையே. அவ்வளவு தயக்கம் என்றால் ‘ஒப்புரவாக்கல்’ என்று வையுங்கள்.

காட்பாடி ஆசிரியர் எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும். என் வகுப்பில் பலர் ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போகிறவர்கள். ஒப்புரவாக்குதல் என்றால் போதகர் நினைவுக்கு வருவார், வாட்டர் பேப்பர் வராது.

ஆம்பூர் தோல்காரர் எழுதியது:

நான் தோல் தொழிற்சாலையில் இருப்பவன். இந்த இழையில் எனக்கென்ன வேலை என்று பேசாமல் இருந்தேன். ‘பஃபிங்’ என்ற சொல்லைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இந்தச் சொல்லைத் தெரியாத வீடு குறைவு. எங்களுக்குப் பஃபிங் என்றால் உலர்ந்த தோலை உப்புத்தாள் சுற்றிய உருளையில் கொடுத்துச் சுரண்டுவது. உள்புறத்தைச் சுரண்டினால் பஞ்சு போல எழும்பி ‘ஸ்வீடு’ ஆகும். மேல்புறத்தில் பூச்சிக்கடி, முள் கிழித்த தழும்பு இருந்தால் அதையும் இப்படித்தான் எடுக்கிறோம். மெஷினைச் சுற்றித் தூசு பறக்கும், மூக்கில் துணி கட்டாமல் நிற்க முடியாது. இதில் தோலின் பளபளப்பு போகும், வராது. பளபளப்பு வேண்டுமென்றால் அதற்குப் பிறகு வேறு வேலை இருக்கிறது.

அதாவது நீங்கள் இரண்டாவது வேலைக்குச் சொல்லும் பெயரை நாங்கள் முதல் வேலைக்கு வைத்திருக்கிறோம். உங்கள் வகுப்பில் தோல் தொழிற்சாலை வீட்டுப் பிள்ளை ஒருவன் இருந்தாலும் போதும், “பஃபிங் செய்” என்றதும் உப்புத்தாளை எடுத்துவிடுவான். தமிழ்ப் பற்றுக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

திருவண்ணாமலை தமிழாசிரியை எழுதியது:

ஆம்பூர் அண்ணன் சொன்னது சரியான காரணம். ஆனாலும் பாவம், பஃபிங்கைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை. குறிலுக்குப் பின்னும் உயிர் ஏறிய வல்லினத்துக்கு முன்னும் ஆய்தம் வரும் என்பது தொல்காப்பிய விதி. எஃகு அப்படித்தான் நிற்கிறது. ‘பஃபி’யும் அந்த விதியை மீறவில்லை. சிக்கல் கடைசியில் இருக்கும் ‘ங்’கில்தான், அது மொழிக்கு இறுதியில் வராது. ‘பஃபிங்கு’ என்று எழுதினால் புலவர் ஐயாகூட இலக்கணக் குற்றம் சொல்ல முடியாது.

குடியாத்தம் புலவர் எழுதியது:

சொல்ல மாட்டேன், அம்மா. வேறு குற்றம் சொல்வேன்.

சித்தூர் வாசகர் எழுதியது:

1911 வரை சித்தூர் வட ஆர்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது, அந்த உரிமையில் ஒரு கேள்வி. எல்லாரும் ‘மெருகு’ தனித்தமிழ் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். தெலுங்கிலும் மெருகு என்றால் பளபளப்புதான். மெருப்பு என்றால் மின்னல். இது எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது?

(இதற்குப் பதிலாக வந்த மடல்கள் மட்டுமே தனி இழை ஆகும் அளவுக்கு நீண்டன. மெருகு, மின், மிளிர், விளக்கு, வெள்ளி வரை போய்விட்டார்கள். தெலுங்கும் தமிழும் ஒரே குடும்பம், பொதுச்சொல்லுக்கு யார் கொடுத்தது என்ற கணக்கு எதற்கு என்று தமிழாசிரியை எழுதியதோடு அது ஓய்ந்தது. ‘சாணை பிடித்தல்’ என்று ஒருவர் முன்மொழிந்தார். சாணை வடமொழி என்று உடனே தள்ளப்பட்டது, கத்தி சாணை பிடிப்பவரிடம் யாரும் கேட்கவில்லை. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். – மட்டுறுத்துநர்)

ஆரணி பட்டறைக்காரர் எழுதியது:

எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடும் பட்டறை வைத்திருக்கிறேன். சொல்லை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பாடத்தில் விட்டுப்போனதை நான் சொல்கிறேன்.

ஒன்று, நிறம். வெள்ளி நிற ஐபோன் எக்ஸில் நீங்கள் தேய்ப்பது எஃகை. கறுப்பிலும், பின்னால் வந்த மாடல்களின் தங்க நிறத்திலும் எஃகின் மேல் ஒரு நிறப் படலம் இருக்கிறது. வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைப்பது. தடிமன் சில மைக்ரான்தான் இருக்கும். 1000 நம்பர் தாளில் இருக்கும் துகளே சுமார் 18 மைக்ரான். நாலு இழுப்பில் கறுப்பு போய் வெள்ளை இளித்துவிடும், அப்புறம் வாடிக்கையாளருக்கு யார் பதில் சொல்வது? ‘ப்ரோ’ அல்லாத பல மாடல்களில் சட்டம் அலுமினியம், நிறம் அதன் மேல்தோலில் ஏற்றியது. அங்கேயும் தாளைத் தொடக் கூடாது. எந்தச் சொல் வைத்தாலும் சரி, இந்த எச்சரிக்கை அதற்கு முன்னால் வர வேண்டும்.

இரண்டு, ஆழம். நகத்தைக் கோட்டின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். சறுக்கிக்கொண்டு போனால் 2000இல் தொடங்கலாம். தட்டி நின்றால் கீழ்நம்பர் வேண்டும். நகம் உள்ளே இறங்கி உட்கார்ந்தால் விட்டுவிடுங்கள். சீர்வரிசைத் தாம்பாளத்தில் வெட்டிய பெயரை எடுக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவருவார்கள். எழுத்து போகும்வரை தேய்த்தால் அந்த இடம் குழிந்து, வெளிச்சத்தில் சாய்த்தால் அலையடிக்கும். போன் சட்டத்திலும் அதே கதைதான்.

மூன்று, சட்டத்தை வெட்டிப் போகும் கோடுகள் பிளாஸ்டிக், சிக்னலுக்காக வைத்தவை. எஃகை விட மெத்தென்று இருப்பதால் சீக்கிரம் பள்ளமாகும். பின்பக்கம் கட்டை வைத்த தாளால் நீளவாக்கில் சமமாகப் போக வேண்டும், விரலால் அழுத்தக் கூடாது. இரும்பு நாரையும் தொடாதீர்கள். அதன் துணுக்கு எஃகில் ஒட்டிக்கொண்டு அதுதான் துருப்பிடிக்கும், பழி எவர்சில்வர் மேல் வரும்.

புலவர் ஐயாவுக்குப் பிடிக்கும் ஒரு செய்தி. எவர்சில்வரில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கும். அது காற்றோடு சேர்ந்து மேலே போர்த்திக்கொள்ளும் குரோமியம் ஆக்சைடு படலம்தான் துருவைத் தடுக்கிறது. தேய்த்தாலும் தானாகத் திரும்பப் போர்த்திக்கொள்ளும். நாங்கள் கடைசி மெருகுக்குப் போடும் பச்சை சோப்பில் இருக்கும் பொடியும் குரோமியம் ஆக்சைடுதான்.

எங்கள் பட்டறையில் முதல் வேலைக்கு ‘மட்டம் எடுக்கிறது’ என்போம். கோடு போய் மட்டமாகிவிட்டதா என்றுதான் கேட்போம்.

வாலாஜா மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

மட்டம் எடுத்தல்! இத்தனை மடல் எழுதியதற்கு முதலிலேயே ஆரணி அண்ணனைக் கேட்டிருக்கலாம்.

குடியாத்தம் புலவர் எழுதியது:

கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதையும் மட்டம் பார்ப்பது என்கிறோம். ‘மட்டம்’ என்றால் தாழ்ந்தது, தரங்கெட்டது என்றும் பொருள். “போனை மட்டமாக்கினேன்” என்று ஒருவன் எழுதினால் என்ன செய்வீர்கள்? ஒப்பத்துக்கு இரு பொருள் ஆகாது, மட்டத்துக்கு மட்டும் ஆகுமா?

வாலாஜா மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஆகும் ஐயா, பட்டறையில் ஏற்கெனவே புழங்குகிறதே. புழங்குகிற சொல்லின் இரண்டாம் பொருளைச் சூழல் பார்த்துக்கொள்ளும். புழங்காத சொல்லுக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

திருவண்ணாமலை தமிழாசிரியை எழுதியது:

இலக்கியம் படித்தவர்கள் யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். புறநானூறு 95 நினைவுக்கு வரவில்லையா? அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் அவன் படைக்கலக் கொட்டிலைப் பார்க்கிறார். மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி வேல்களெல்லாம் பளபளவென்று காவல் மாளிகையில் இருக்கின்றன. அதியமான் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்ச்சி மாதிரி ஒரு குத்தல்! அடி வாங்கியது நம் தொண்டை நாட்டு அரசன், பாராட்டு வாங்கியது பக்கத்துத் தகடூர்க்காரன். கீறல் விழுந்த போனையும் ஔவையார் பாராட்டித்தான் இருப்பார்.

ஆரணி பட்டறைக்காரர் எழுதியது:

பாராட்டட்டும் அம்மா. ஆனால் அந்த வேலும் கடைசியில் பட்டறைக்குத்தானே வந்தது.

காட்பாடி ஆசிரியர் எழுதியது:

நாளை வெள்ளி. இன்னும் ஒன்று பாக்கி, தாளின் ‘நம்பர்’. எண் கூடினால் தாள் நயமாகிறது, பையன்களுக்கு இது தலைகீழாகப் படுகிறது. துகளைச் சலிக்கும் சல்லடையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்பதிலிருந்து வந்த எண், அதனால் எண் கூடக் கூடத் துகள் சிறுக்கும் என்று விளக்கம் எழுதிவிட்டேன். பெயர் என்ன வைப்பது?

குடியாத்தம் புலவர் எழுதியது:

பரல். பரல் எண். சிலம்புக்குள் முத்துப்பரலா மாணிக்கப்பரலா என்றுதானே மதுரையில் வழக்கே நடந்தது?

வாலாஜா மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இதை ஏற்கிறேன். யாருக்கும் வேறு பொருள் தோன்றாது.

ஆரணி பட்டறைக்காரர் எழுதியது:

கடையில் ஆயிரம் பரல் தாள் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள். ‘நம்பர்’ என்பதையும் பக்கத்தில் போடுங்கள்.

மட்டுறுத்துநர் எழுதியது:

அச்சுக்கு நேரமாகிவிட்டது. மட்டம் எடுத்தல், மெருகேற்றல் என்ற இணைக்குத்தான் கூடுதல் ஆதரவு. ஆம்பூர்க்காரர் பஃபிங்கை நீக்கினால் எதுவும் சரி என்கிறார். சித்தூர் வாசகர் வாக்களிக்கவில்லை. புலவர் ஐயாவின் ஒப்பமிடலைக் கையேட்டின் சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாகப் போட ஆசிரியர் இசைந்திருக்கிறார். ‘எவர்சில்வரா, துருப்பிடிக்காத எஃகா’ என்று யாரும் தொடங்க வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

குடியாத்தம் புலவர் எழுதியது:

மாற்றுச்சொல்லாக அல்ல, முதற்சொல்லாக இருக்க வேண்டியது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஆம்பூர் தோல்காரர் எழுதியது:

ஆசிரியர் அனுப்பிய மெய்ப்பைப் பார்த்தேன். பாடத்தில் பஃபிங் போய்விட்டது, சந்தோஷம். ஆனால் கடைசிப் பக்கத்தில் வாங்க வேண்டிய பொருள்களில் ‘பச்சை பஃபிங் சோப்பு’ என்று இருக்கிறதே?

காட்பாடி ஆசிரியர் எழுதியது:

அப்படிக் கேட்டால்தான் கடையில் எடுத்துக் கொடுக்கிறார்கள், அண்ணா.

குடியாத்தம் புலவர் எழுதியது:

மெருகுக்கட்டி என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.