தாய் என்று நான் எழுதியது தந்தையை

குளக்கரை:
எங்கள் ஊர்ப் பாசனக் குளத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பறவைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்து வருகிறேன். அல்லியும் தாமரையும் படர்ந்த மாதங்களில் நீளவால் இலைக்கோழிகள் அங்கே கூடு வைக்கும். இலைமேல் அடைகாக்கும் பறவையைக் காணும்போதெல்லாம் 'தாய்ப்பறவை' என்றே எழுதினேன். அந்தப் பருவத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நிறம், ஒரே நீண்ட வால். அடைகாப்பது தாய்தான் என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு இரண்டு பறவைகள் பூனை கத்துவது போலக் குரலெழுப்பி, தண்ணீர் தெறிக்கச் சண்டையிட்டன. இரண்டும் அடைகாத்த பறவையைவிடப் பெரியவை. ஆண்கள் பெண்ணுக்காக மோதுகின்றன என்றே நினைத்தேன். வென்ற பறவை பிற்பகலில் அடைகாப்பவரிடம் வந்து சிறிது நேரம் நின்றது. பிறகு அப்பால் இன்னொரு பறவை கூடு கட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனது. முட்டைகளின் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்து பறவைக் கையேட்டைப் புரட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. எல்லையைக் காக்கச் சண்டையிடுவது பெண். ஓர் ஆணிடம் நான்கு முட்டைகளை ஒப்படைத்துவிட்டு அடுத்த ஆணிடம் போய்விடும். ஏறத்தாழ 26 நாள் அடைகாத்துக் குஞ்சுகளை வளர்ப்பது முழுக்க ஆணின் வேலை.

ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் ஏறியது. அந்தத் தந்தை அலகுக்கும் மார்புக்கும் இடையே முட்டையை அணைத்து, பின்னோக்கி நடந்து, ஒவ்வொன்றாக மேடான இலைக்கு மாற்றினார். 'அது' என்று எழுத மனம் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாதை:
அருமையான பதிவு ஐயா. எங்கள் மலைக்கோயில் படிக்கட்டில் நாட்டுக்குரங்குகள் உண்டு. ஆண் உருவத்தில் பெரியது. தேங்காய்த் துண்டை முதலில் பறிப்பதும் அதுதான். ஆனால் ஒருநாள் ஒரு குட்டி வீறிட்டது. அருகிலிருந்த பெரிய ஆணை மூன்று பெண் குரங்குகள் சேர்ந்து துரத்தின. அது மதிலேறி நின்று பல்லைக் காட்டியது. கீழே மட்டும் இறங்கவில்லை. பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே காலமெல்லாம் இருப்பவை. தனியாக நின்றால் தோற்கும், சேர்ந்தால் தோற்பதில்லை.

அருஷாவில் சில காலம்:
மேலே சொன்னதை நான் தான்சானியாவில் வேறொரு விலங்கிடம் பார்த்தேன். இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் புள்ளிக் கழுதைப்புலிகள் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகை விலங்கு ஒன்றைத் தின்றுகொண்டிருந்தன. பாதி வளர்ந்த குட்டி ஒன்று வந்தது. நன்கு வளர்ந்த ஆண் காதுகளைப் பின்னுக்கு மடித்து, தலையைத் தாழ்த்தி விலகியது. அந்தக் குட்டி தலைவியின் மகள் என்றார் வழிகாட்டி. தாயின் படிநிலை பிள்ளைக்கு வரும். வெளியிலிருந்து வந்து சேரும் ஆணுக்குக் கடைசி இடம்தான்.

பெண் கழுதைப்புலி சற்றுப் பெரியது என்பதால்தான் இப்படி என்று எண்ணியிருந்தேன். அந்தப் பள்ளத்தின் எட்டுக் கூட்டங்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2019இல் வெளியான ஆய்வு வேறு காரணம் சொல்கிறது. சண்டை மூண்டால் யார் பக்கம் அதிகம் பேர் நிற்பார்களோ அவரே வெல்கிறார். பெரும்பாலான ஆண்கள் பிறந்த கூட்டத்தைவிட்டுப் போவதால் அந்தத் துணையை இழக்கிறார்கள். மலைக்கோயில் மதிலில் நின்ற குரங்கு எனக்கு இதை நினைவூட்டியது.

மாயாற்றுக் கரை:
ஒரு திருத்தம் சொல்லலாமா? யானைக் கூட்டத்தைப் பெண் 'ஆள்கிறது' என்று பலர் எழுதுகிறார்கள். மூத்த பிடி வழிநடத்துவது உண்மை. ஆனால் மதநீர் வழிய ஒரு கொம்பன் வந்தபோது அதே பிடி குட்டிகளை நடுவில் வைத்து, மொத்தக் கூட்டத்தையும் ஒதுக்கி வழிவிட்டதை நேரில் பார்த்தேன். வழிநடத்துவது வேறு, மோதி வெல்வது வேறு.

குளக்கரை:
திருத்தத்துக்கு நன்றி. என் இலைக்கோழிக்குக் கூட்டமே கிடையாது, உடல் பலம் ஒன்றுதான். மயில் உள்ளான் பறவையிலோ பெண்தான் பளிச்சென்ற நிறம். குஞ்சுகளைக் காப்பது மங்கிய நிற ஆண். வயல் வரப்பில் அதைக் குஞ்சுகளோடு பார்த்தவர்கள் இருந்தால், எந்த மாதம் என்று எழுதுங்கள். இந்த முறை சரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.