புதுப்பிப்பு: அவுட்பேக்கா ஃபாரஸ்டரா, முடிவெடுத்தாச்சு

இலங்கையின் நக்கிள்ஸ் மலைப்பகுதியில் இருக்கிற மீமுரே, ரிவர்ஸ்டன் பக்கம் குடும்பத்தோட போய்வர சுபாரு அவுட்பேக் நல்லதா, ஃபாரஸ்டரா என்று முன்பு கேட்டிருந்தேன். ஃபாரஸ்டர்தான். மனைவி இன்னும் அவுட்பேக் டிக்கியை நினைச்சு ஏங்குறா. ஆனா கோர்பெட்ஸ் கேப் கணவாயைத் தாண்டி மீமுரேக்கு இறங்குற வளைவுகளில் நீளம் தொல்லை. நான் பார்த்த மாடல்களில் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம்) அவுட்பேக்குக்கு 2745 மி.மீ., ஃபாரஸ்டருக்கு 2670. ஃபாரஸ்டரோட தரை இடைவெளி 220 மி.மீ.

முதல் பார்த்த வண்டியில் முன்னுக்குப் புது டயர், பின்னுக்கு மொட்டை. இங்கே ஒரு அண்ணா எச்சரிச்சது இதைத்தான்: சுற்றளவு வித்தியாசப்பட்டா நாலு சக்கரத்துக்கும் விசையைப் பங்கிடுற ஆல்வீல் கிளட்ச் ஓயாம உரசிச் சூடாகும். விட்டுட்டு வந்தேன். எடுத்ததில் நாலும் ஒரே டயர், ஒரே தேய்மானம். கடும் பாதையில் மெதுவா, பலமா இழுக்கிற லோ கியர் இதில் கிடையாது, சறுக்குற இடத்தில் சக்கரப் பிடிக்கு உதவுற எக்ஸ் மோட்தான். முழங்கால் சேற்றில் இறக்குற எண்ணம் எனக்கில்லை. அடுத்தது எஞ்சினுக்குக் கீழே இரும்புத் தகடு. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் விலை கேட்டிருக்கிறேன்.